பழைய மோட்டர்க் கட்டுப்படுத்தியுடன் வைஃபை பலகையை இணைக்கலாமா?

கேள்வி: கூரைத் தாங்கியின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கிணற்று மோட்டரைத் தானாக இயக்கி நிறுத்தும் கருவியொன்றை, என் மகன் உயர்தரம் படித்த காலத்தில் நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையான அர்டுயினோ ஊனோவில் செய்து தந்தான். அது இன்றும் குறையின்றி வேலை செய்கிறது. நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்ப்பதற்காக வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 பலகை ஒன்றை வாங்கியிருக்கிறேன். இரண்டையும் நேரடியாகக் கம்பியால் இணைக்கலாமா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: நேரடியாக இணைக்க வேண்டாம். ஊனோ 5 வோல்ற்றில் இயங்குவது. இஎஸ்பி32 பலகையின் முனைகளோ 3.3 வோல்ற்றுக்கு உரியவை. 5 வோல்ற்றைக் கொடுத்தவுடன் பலகை கருகிவிடும் என்பதில்லை. சில நாள்கள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, பிறகு அந்த முனை மட்டும் செத்துப்போவதும் உண்டு. நானும் ஒரு பலகையை இவ்வாறுதான் இழந்தேன். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் சென்றது.

மோட்டரை இயக்கும் பொறுப்பைப் புதிய பலகையிடம் கொடுக்காமல், ஊனோ அனுப்பும் தரவைக் கேட்கும் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வைஃபை நின்றாலும் தாங்கி நிரம்பும். 230 வோல்ற்று செல்லும் பழைய வயரிங்கில் நீங்கள் கை வைக்கவும் நேராது. அப்படிச் செய்தால், ஊனோவின் அனுப்பும் முனையிலிருந்து இஎஸ்பி32இன் பெறும் முனைக்குச் செல்லும் ஒரேயொரு சமிக்ஞைக் கம்பியைக் காப்பாற்றினாலே போதும். அந்தக் கம்பியின் நடுவே 10 கிலோ ஓம் தடையி ஒன்றை வைத்து, பெறும் முனைக்கும் பலகையின் தரை முனைக்கும் (GND) இடையில் 20 கிலோ ஓம் தடையி ஒன்றைப் பொருத்தினால், 5 வோல்ற்று ஏறக்குறைய 3.3 ஆகக் குறையும். புதிய பலகைக்கு மின் இல்லாத வேளையில் பழையதிலிருந்து அதற்குள் புகும் ஓட்டத்தையும் அந்த 10 கிலோ ஓம் தடையி மட்டுப்படுத்தும். இரு பலகைகளின் தரை முனைகளையும் கட்டாயம் ஒன்றாக இணைக்க வேண்டும்; இல்லையேல் சமிக்ஞைக்கு அளவுகோலே இராது. தரவு அனுப்பும் வேகம் விநாடிக்கு 9600 பிற் ஆக இருந்தால் இந்தத் தடையிகள் தாராளமாகப் போதும். நீர்மட்டத்தை அனுப்பும் வரிகள் பழைய நிரலில் இல்லையென்றால், அவற்றை மட்டும் மகனிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்பி32ஐப் பொருத்துமுன் மல்ரிமீற்றரால் தடையிகள் சந்திக்கும் இடத்தை அளந்து பாருங்கள். தரவு போகாத வேளையில் அந்தக் கம்பி உயர்நிலையிலேயே நிற்பதால், 3.3 வோல்ற்றளவில் நிலையாகக் காட்ட வேண்டும். 1.7 அளவில் காட்டினால் தடையிகள் இடம் மாறியிருக்கின்றன.

ஊனோவில் "3.3" என்று எழுதியிருக்கும் முனையிலிருந்து புதிய பலகைக்கு மின் எடுக்கவே கூடாது. அது தரக்கூடியது 50 மில்லி அம்பியர் மட்டுமே. வைஃபை அனுப்பும் கணங்களில் இஎஸ்பி32 அதைவிடப் பல மடங்கு இழுக்கும். நல்ல கைப்பேசிச் சார்ஜர் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

கல்லடியில் கடற்காற்றின் உப்பு செம்பை விரைவில் அரிக்கும் என்பதால், பலகைகளை மோட்டர் வயர்களிலிருந்து விலக்கி, மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். தாங்கியிலிருந்து வரும் நீண்ட கம்பி மின்னலின் தூண்டலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்குமுன்பே சார்ஜரைக் கழற்றி, அந்தக் கம்பியையும் பிரித்துவிடுங்கள்.