பெட்ரோல் பங்கில் போன் பயன்படுத்தாதீர்கள் என்று போர்டு வைத்துவிட்டு, பம்ப் மேலேயே கியூஆர் கோடை ஒட்டுகிறார்களே, உண்மையில் ஆபத்து உண்டா இல்லையா?

பெட்ரோலியக் கிடங்கு ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். டேங்கின் லெவல் காட்டும் கருவி, கேஸ் டிடெக்டர், வால்வை மூடித் திறக்கும் சிக்னல் எல்லாம் எங்கள் பொறுப்பு. காலையில் கேட்டில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவோம். அதனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட யாராவது ஒருவர் இதே கேள்வியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

போனிலிருந்து வரும் ரேடியோ அலை பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்குமா என்றால், வைக்காது. இதற்குக் கணக்கே இருக்கிறது. வெடிக்கக்கூடிய ஆவி உள்ள இடங்களில் வைக்கும் மின்சாதனங்களுக்கு ஐஇசி 60079 என்ற தரவிதிதான் எங்களுக்கு வேதம். ரேடியோ அலையின் சக்தி எத்தனை வாட்டைத் தாண்டக் கூடாது என்று அதில் வகைவாரியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி அடங்கும் வகைக்கு 6 வாட். தொட்டால் பற்றும் ஹைட்ரஜன், அசிட்டிலின் வகைக்கு 2 வாட். பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வெளியிடும். இப்போதைய 4ஜி போன் வழக்கமாக 0.2 வாட்டோடு நின்றுவிடும். ஆக, பங்கில் நின்று ஹலோ சொன்னதாலேயே தீப்பிடித்தது என்பது நடக்கிற காரியமில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களை நிதானமாகப் பார்த்தாலே தெரியும். பெரும்பாலும் யாரோ காருக்குள் ஏறி இறங்கி வந்து நாஸிலைத் தொடுவார்கள், பக்கென்று தீ எழும். அது நிலைமின்சாரம். சீட்டில் உரசி எழுந்ததில் உடம்பில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். நாஸிலைத் தொடும்போது விரலுக்கும் உலோகத்துக்கும் நடுவே பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி பற்ற 0.2 முதல் 0.3 மில்லிஜூல் போதும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது 'சுளீர்' என்று நாம் உணர்கிற பொறியே ஏறக்குறைய ஒரு மில்லிஜூல் இருக்கும். அமெரிக்காவில் பெட்ரோலியம் எக்யூப்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு இப்படிப்பட்ட பங்க் தீ விபத்துகளை நூற்றுக்கும் மேல் திரட்டி ஆராய்ந்தது. போன்தான் காரணம் என்று ஒன்றைக்கூட உறுதி செய்ய முடியவில்லை. அங்கே அவரவரே பெட்ரோல் போட்டுக்கொள்வார்கள்; குளிர்காலக் காற்றும் உலர்ந்து கிடக்கும்; நாஸிலைச் செருகிவிட்டுக் குளிருக்கு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். நம் ஊரில் ஊழியர் போடுகிறார், கடலோர ஈரக்காற்றும் இருக்கிறது. அதனால் அந்த வகை விபத்து இங்கே குறைவு.

சரி, அப்படியானால் போர்டு எதற்கு?

பேட்டரிக்காக. 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள ஒரு சாதாரண போனில் சுமார் 19 வாட் ஹவர் மின்சக்தி இருக்கிறது. ஜூலில் சொன்னால் ஏறக்குறைய 69,000. ஆவியைப் பற்ற வைக்கத் தேவைப்படுவதோ ஒரு ஜூலில் ஆயிரத்தில் கால் பங்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ரேடியோ அலையைப் பற்றிய கவலையே போய்விட்டது. உள்ளே இருப்பது இவ்வளவு என்றால், அதில் ஒரு துளி தவறான இடத்தில் தப்பினாலும் போதும். தினமும் தப்புகிறதா? இல்லை. நல்ல நிலையில் உள்ள போன் கையில் இருக்கும்வரை எதுவும் ஆகாது. கீழே விழுந்து பேட்டரி நசுங்கினால், உப்பிப்போன பேட்டரியோடு போன் ஓடிக்கொண்டிருந்தால், தெருமுனைக் கடையில் மாற்றிய மட்டமான பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால், அப்போதுதான் பிரச்சினை. பின்மூடி கழன்று பேட்டரி தனியாகத் தெறிக்கும் பழைய பட்டன் போன்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம், ஏனென்றால் மின்தொடர்பு அறுபடும் நொடியில் பொறி வரும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, எனவே தரையோடு படியும். காற்றில் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. அமெரிக்கத் தரவிதியில் பம்பைச் சுற்றி 20 அடி தூரத்துக்கு, தரையிலிருந்து 18 அங்குல உயரம் வரை ஆபத்துப் பகுதி என்று வரையறுத்திருக்கிறார்கள். நெஞ்சுக்கு நேராகப் பிடித்த போன் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு மேலே நிற்கிறது. ஆனால் கைதவறினால் நேராக ஆவி படிந்த தரைக்குத்தான் போகும், அதுவும் பேட்டரி அடிவாங்கும் வேகத்தில்.

இந்த 18 அங்குலக் கணக்கு காருக்குச் சரி. பைக்கில் அது உதவாது. பைக்கில் டேங்க் மூடி நம் வயிற்றுக்கு நேராகத் திறந்திருக்கிறது. பெட்ரோல் உள்ளே இறங்க இறங்க, டேங்கில் இருந்த ஆவி அதே அளவுக்கு வெளியே தள்ளப்படுகிறது. அதன் நேர் மேலே போனை நீட்டி ஜிபே திறந்துகொண்டிருக்கிறோம். மீட்டரை எட்டிப் பார்க்கக் குனியும்போது சட்டைப்பை போன் சரிந்து டேங்க் மேல் விழுவதை யார்தான் பார்த்ததில்லை? நம் ஊர் பங்கில் போன் மூலம் தீப்பிடிக்க ஒரு வழி உண்டென்றால் அது இதுதான் என்பது என் கருத்து. (நியாயமாகப் பார்த்தால், அதே பைக்கின் சூடான சைலன்சரும் டேங்க் விளிம்பில் வழிகிற பெட்ரோலும் போனைவிடப் பெரிய கவலை. அதற்கு யாரும் போர்டு வைப்பதில்லை.)

இப்போது கியூஆர் கோடு. போர்டும் கியூஆரும் ஒரே பம்பில் இருப்பது அபத்தம்தான், மழுப்ப ஒன்றுமில்லை. 2016இல் யுபிஐ வந்தது, சில வருடங்களில் சில்லறைப் பிரச்சினை தீர்ந்தது, போர்டு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நான் செய்வது இதுதான்: போட்டு முடித்து மூடியைப் பூட்டிய பிறகு வண்டியை நாலைந்து மீட்டர் தள்ளிக்கொண்டுபோய், அங்கே நின்று பணம் அனுப்புவேன். சில பங்குகளில் கியூஆர் அட்டையை ஊழியரே கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார், அது நல்ல ஏற்பாடு. பம்ப் மேலேயே கியூஆரை ஒட்டி, பக்கத்தில் 'ரூபாய் பெறப்பட்டது' என்று கத்தும் சவுண்ட் பாக்ஸையும் வைத்திருந்தால், அந்த சவுண்ட் பாக்ஸுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கிறதே என்று மேனேஜரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கிடங்குக்குள் கதையே வேறு. அங்கே 'பெரும்பாலும் ஒன்றும் ஆகாது' என்பது பதிலே அல்ல. ஆவி எப்போதுமே இருக்கும் இடம் ஜோன் 0, அதாவது டேங்கின் உள்பக்கம். வழக்கமான வேலையின்போதே வரக்கூடிய இடம் ஜோன் 1. எப்போதாவது, கொஞ்ச நேரம் மட்டும் வரக்கூடியது ஜோன் 2. ஒவ்வொரு ஜோனிலும் வைக்கும் விளக்கு, சுவிட்ச், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் சோதிக்கப்பட்டு, நம் நாட்டில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். உங்கள் போனை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை. போனோடு வரும் பாதுகாப்புக் குறிப்பைப் படித்தால், எரிபொருள் நிரப்பும் இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள். செய்தவரே பொறுப்பேற்காத பொருளுக்கு நாங்கள் எப்படி பெர்மிட் கொடுப்பது? போன் ஆபத்தானது என்று நிரூபணமாகிவிட்டதால் போட்ட தடை இல்லை இது. பாதுகாப்பானது என்று யாரும் காட்டாதவரை உள்ளே விடமாட்டோம், அவ்வளவுதான்.

காட்டிய போன்களும் இருக்கின்றன. பார்டெக், ஐ.சேஃப் மொபைல் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே போன் செய்கின்றன. இவற்றை 'இன்ட்ரின்சிகலி சேஃப்' என்போம். உள்ளே ஷார்ட் ஆனாலும், கம்பி அறுந்தாலும், அந்த ஆவியைப் பற்றவைக்கும் அளவுக்குப் பொறியோ சூடோ வராதபடி சர்க்யூட்டிலேயே மின்சக்தியைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். மேல்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதற்கும் குறியீடு உண்டு; டி4 என்றால் 135 டிகிரி செல்சியஸுக்குள், டி6 என்றால் 85க்குள். விலை அதே வேகமுள்ள சாதாரண போனைவிடப் பல மடங்கு. ஆனாலும் அதை ஜோனுக்குள் வைத்து சார்ஜ் போடக் கூடாது. கண்ணாடி விரிசல் விட்டால், வெளியில் பிரித்து ரிப்பேர் பார்த்தால், சான்றிதழ் செத்துவிட்டது என்று அர்த்தம். மூலையில் சின்னக் கீறல்தானே என்று ஒரு கான்ட்ராக்டர் சூப்பர்வைசர் என்னோடு அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்.

ஃபிளைட் மோடில் போட்டுவிட்டேன் என்பார்கள். ரேடியோதான் அணைந்தது, பேட்டரி அங்கேயேதான் இருக்கிறது. சுவிட்ச் ஆஃப் செய்தாலும் அப்படியே. போனை கேட்டில் கொடுத்துவிட்டு, ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத் இயர்பட்ஸ், காரின் ரிமோட் சாவி ஆகியவற்றோடு உள்ளே வருகிறவர்கள் இன்னொரு ரகம். எங்கள் செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் இப்போது கைக்குலுக்குவது போலவே மணிக்கட்டைப் பார்த்துவிடுகிறார்.

தீயை விடுங்கள், போன் விஷயத்தில் வேலையிடத்தில் எனக்கு உண்மையான பயம் கவனம் சிதறுவதுதான். டேங்கர் நிரம்பும்போது கம்பார்ட்மென்ட் அளவைப் பார்க்க வேண்டியவர் ரீல்ஸ் பார்த்தால் எண்ணெய் வழியும். வழிந்த பெட்ரோல் ஆவியானால் ஜோன் வரைபடத்தில் நாம் போட்ட கோட்டை அது மதிக்காது. ஜெய்ப்பூர் சீதாபுரா கிடங்கில் 2009 அக்டோபர் 29 அன்று அதுதான் நடந்தது. அங்கே போனுக்கு ஒரு பங்கும் இல்லை. வால்வு வேலையில் நடந்த தவறால் பெட்ரோல் பீய்ச்சி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி பரவி, பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். ஆவி அந்த அளவுக்குப் பரவிவிட்டால், பாதுகாப்பான இடம் என்று நாம் நினைத்த ஆபீஸ் சுவிட்சும், வெளியே நிற்கும் வண்டியின் ஸ்டார்ட்டரும்கூடப் பற்றவைக்கப் போதும்.

அப்புறம், இதைப் படிக்கிற எல்லோருக்கும் பங்கைவிட நெருக்கமான இடம் வீட்டு அடுப்படி. சமையல் காஸும் காற்றைவிடக் கனமானது. சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். இரவில் நாற்றம் வந்தால் பலர் செய்வது, போன் டார்ச்சை அடித்துக்கொண்டு சிலிண்டருக்குப் பக்கத்தில் குனிவது. வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், லைட், ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சார்ஜில் இருக்கும் போனைப் பிடுங்கி எடுக்காதீர்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது சார்ஜரை உருவினால் சாக்கெட்டில் பொறி தெறிக்கும், போனைவிட அது நிச்சயமான பொறி. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டுபோய், காற்றோட்டமான இடத்தில் நின்று, பக்கத்து வீட்டுப் போனிலாவது 1906க்கு அழையுங்கள். காஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண் அது.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளின் வேலை அறைகளில் போன் கூடாது என்பதற்கும் அடிப்படை இதேதான், ஆனால் அங்கே ஆவிக்குப் பதில் மருந்துத் தூள். ஆவி காற்றோடு கலைந்துபோகும். தூள் விரல் இடுக்கிலும் போன் உறையின் மடிப்பிலும் சார்ஜர் துளையிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அதனால் அங்கே வேலை செய்யும் உறவினர் யாராவது இருந்தால், போனை அறைக்கு வெளியே வைப்பதோடு, கை கழுவிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள்.

காருக்குள் உட்கார்ந்தபடி பங்கில் போன் பேசலாமா என்றும் கேட்பார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தால் எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. இன்ஜினை அணையுங்கள், நாஸில் டேங்கில் இருக்கும்போது ஏறி இறங்காதீர்கள், எத்தனை லிட்டர் என்று மீட்டரைப் பாருங்கள். பேசிக்கொண்டே இருந்து ஜீரோ பார்க்காமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.