மாதச் சந்தா கட்டி கிளவுடு கேமிங் ஆடுவது லாபமா?

கிளவுடு கேமிங்கில் கேம் உங்கள் கணினியில் ஓடாது, சேவை தரும் நிறுவனத்தின் சர்வரில் (தொலைவில் உள்ள பெரிய கணினியில்) ஓடும். அதனால் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டிக் கொடுக்காமல் பழைய லேப்டாப்பிலேயே பெரிய கேம்களை ஆடலாம். டவுன்லோடுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

சிக்கல் தாமதத்தில்தான். நீங்கள் பட்டனை அழுத்தியது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், காட்சி வீடியோவாகத் திரும்பி வரவேண்டும். புதிர் விளையாட்டில் இது தெரியாது. சண்டை விளையாட்டில் நீங்கள் தடுப்பதற்குள் அடி விழுந்திருக்கும். வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போட்டால் ஓரளவு சரியாகும். டேட்டாவும் தண்ணீராய்ச் செலவாகும்: 25 எம்பிபிஎஸ் வேகத்தில் மணிக்குச் சுமார் 11 ஜிபி.

அப்புறம், பல சேவைகளில் சந்தா நின்றால் கேமும் போச்சு. சேவையே மூடப்படுவதும் உண்டு: 2019-இல் வந்த கூகுள் ஸ்டேடியா 2023 ஜனவரியில் நின்றுபோனது (கேம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அது வேறு விஷயம்). என்விடியா நிறுவனத்தின் கிளவுடு கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் பரவாயில்லை. ஸ்டீம் போன்ற ஆன்லைன் கேம் கடைகளில் நீங்கள் வாங்கியதை ஓட்டித் தருகிறது, சந்தாவை நிறுத்தினாலும் கேம் உங்கள் கணக்கிலேயே இருக்கும்.