மின் நுகர்வு: தமிழகமும் நாட்டின் சராசரியும் (கேள்வி பதில்)

விழுப்புரம் வாசகர்: 2019-20ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஆளுக்கு 1,844 யூனிட் செலவானதாகப் படித்தேன். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்தான் ஆகிறது. எந்தக் கணக்கு தவறு?

பதில்: இரண்டுமே சரிதான். உங்கள் வீட்டில் ஆண்டுக்கு 2,400 யூனிட், அதாவது ஆளுக்கு 600. ஆனால் மத்திய மின்சார ஆணையம் வீட்டு மீட்டரைப் பார்த்து அந்த எண்ணைப் போடுவதில்லை. ஆலைகள் தமக்கெனத் தயாரித்துக்கொள்வது உட்பட மாநிலத்துக்குக் கிடைத்த மொத்த மின்சாரத்தை, கம்பியில் இழப்பாவதைக்கூடக் கழிக்காமல், மக்கள்தொகையால் வகுக்கிறது. கோவை நூற்பாலைகளும் ஓசூர் தொழிற்சாலைகளும் இழுக்கும் மின்சாரம் உங்கள் பெயரிலும் ஏறிவிடுகிறது. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 1,208. இந்த இடைவெளியை வாழ்க்கைத் தரத்தின் அளவுகோலாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. தொழில் எங்கே குவிந்திருக்கிறது என்பதையே அது பெரிதும் சொல்கிறது.

மதுரை வாசகர்: உச்ச மின்தேவை தமிழகத்துக்கும் நாட்டுக்கும் ஒரே சமயத்தில்தான் வருகிறதா?

பதில்: எப்போதும் அப்படி வருவதில்லை. 2023இல் தமிழகத்தின் உச்சம் ஏப்ரல் 20 அன்று 19,387 மெகாவாட்டாகப் பதிவானது. நாட்டின் உச்சமோ, 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட் முடிந்த மறுநாள், செப்டம்பர் 1 அன்று வந்தது. 2024இல் இரண்டும் மே மாதத்திலேயே வந்தன: இங்கே 2ஆம் தேதி 20,830 மெகாவாட், நாட்டில் 30ஆம் தேதி சுமார் 2.5 லட்சம் மெகாவாட். நமக்குள்ள சங்கடம், ஏப்ரல் வெயில் உச்சத்தைத் தொடும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் பெரும்பாலும் சோம்பிக் கிடப்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்று வந்த பிறகே அவை முழுவீச்சில் சுற்றும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மின்தொகுப்போடு இணைந்ததால், இந்த ஏற்ற இறக்கத்தை வெளியிலிருந்து வாங்கியும் வெளியே விற்றும் சமாளிக்க வழி பிறந்தது.

தஞ்சாவூர் வாசகர்: விவசாயத்துக்குச் செலவாகும் மின்சாரத்தையும் இப்படி ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம், ஆனால் எச்சரிக்கையோடு. 1990 முதல் இங்கே எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்பதால் பெரும்பாலான பம்புசெட்டுகளில் மீட்டர் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து மதிப்பிடுகிறார்கள். அனுப்பிய மின்சாரத்தில் நுகர்வுக் கணக்கில் வராத மிச்சமே இழப்பாகக் கொள்ளப்படுவதால், அந்த மதிப்பீடு கூடினால் மின் இழப்பு குறைந்ததாகத் தெரியும், குறைந்தால் இழப்பு கூடியதாகத் தெரியும்.