தனிப் படகு எடுக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அலையாத்திக் காட்டுக்குத் தனிப் படகு என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். துறைக்குப் போனால் படகில் ஏற்கெனவே ஆறு பேர். "உங்கள் இருவருக்கும் தனி இருக்கை இருக்கிறதே" என்கிறார் படகுக்காரர். திருமண நாளுக்காக எடுத்த பயணம் இது.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நாம்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். தனிப் படகு என்றால் ஓட்டுகிறவர்களையும் உங்களையும் தவிர வேறு யாரும் இல்லாத படகு. அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

முதல் வேலையாக அந்த விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அப்புறம், பலர் சேர்ந்து போகும் பயணத்துக்கு அவர்களே போட்டிருக்கும் கட்டணத்தைப் பாருங்கள். நீங்கள் கொடுத்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தொகையாக எழுதி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்றும் குறிப்பிட்டுக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால், அவர்கள் மறுத்த கையோடு வங்கியில் முறையிடுங்கள்: சொன்ன சேவை தரப்படவில்லை என்பதே காரணம். அந்த முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. படகில் ஏறிப் போய்விட்டோமே என்று தயங்க வேண்டாம். அந்தத் துறையில் நின்றுகொண்டு வேறென்ன செய்திருக்க முடியும்?

கேள்வி: கிளம்பும் நாள் காலையில் வர முடியாது என்று சொன்னேன். முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று அந்த ரசீதிலேயே இருக்கிறது.

கேள்வி: "மூன்று மணி நேரம்: அலையாத்திக் கால்வாய்கள், பிறகு நடுக்கடல் மணல் திட்டில் ஓய்வு" என்று போட்டிருந்தார்கள். கால்வாய் நன்றாக இருந்தது. மணல் திட்டு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது. "இயற்கை, நாங்கள் என்ன செய்ய" என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கேட்க வேண்டும். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கடல் மட்டம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது ரகசியம் அல்ல. ஓதம் எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தின் அட்டவணையை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணித்து வைக்கிறார்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை பத்து மணிக்கு வெளியே தெரிந்த திட்டு, நாளை பத்தே முக்கால், பதினொன்றுக்குத்தான் அதே நிலைக்கு வரும். ஒரு வாரத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். அதே பத்து மணிக்குத் திட்டின்மேல் தண்ணீர் நிற்கும். "தினமும் காலை பத்துக்கு மணல் திட்டுப் பயணம்" என்று விற்கிறவர், மாதத்தில் பாதி நாள் தன்னால் தர முடியாத பொருளை விற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் இறங்கும். அப்போது திட்டு நன்றாக வெளியே வரும். அரை நிலவு நாட்களில் ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு; தாழ்வான திட்டுகள் அன்று முழுக்கத் தலைகாட்டாமலே போகலாம். வெளியே வந்த திட்டும் சீராக மூழ்குவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் வந்து சேரும். குழந்தைகளோடு திட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்களை இறக்கிவிட்டு "வந்துவிடுகிறேன்" என்று படகுக்காரர் படகோடு போக விடவே கூடாது.

உங்கள் பயணத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. குறுகிய கால்வாய்க்குள் வேர்களை ஒட்டிப் படகு நுழையத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். திட்டு வெளியே வரத் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரம். கடல் நிறைந்து இறங்கத் தொடங்கும்போது கால்வாயில் ஆரம்பித்து, வற்றுகிற தண்ணீரோடு வெளியே வந்து, திட்டில் முடிக்கிற பயணம்தான் நல்ல பயணம். அதை மூன்று மணி நேரத்துக்குள் அடைத்தால் ஏதோ ஒன்று அரைகுறையாகும். நாலைந்து மணி நேரமாவது வேண்டும். காற்றழுத்தமும் காற்றும் மட்டத்தைக் கொஞ்சம் மாற்றும் என்பது உண்மைதான்; அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். ஆனால் அமைதியான நாளில் இடுப்பளவு தண்ணீருக்கு அது காரணமாகாது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "நாங்கள் வரும் நாளில் தாழ் ஓதம் எத்தனை மணிக்கு? நாம் எத்தனை மணிக்குத் திட்டில் இருப்போம்?" பதில் சொல்லத் தெரியாதவரிடமும் சொல்ல விரும்பாதவரிடமும் வாங்காதீர்கள். உங்கள் விஷயத்தில், அன்றைய ஓத அட்டவணையை எடுத்து அவர்களுக்கே அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். அதற்குமேல் "இயற்கை" என்று சொல்ல இடமிருக்காது.

கேள்வி: "அமைதிப் பயணம்" என்று விளம்பரம். மோட்டார் சத்தத்தில் ஒரு பறவையைக்கூடக் கேட்கவில்லை. புகை வேறு. இதைப் புகார் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் காசு கொடுத்ததே அமைதிக்குத்தான். புகையைச் சொல்வதைப் பார்த்தால், பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரமாக இருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் மெதுவாகப் போகும்போது எவ்வளவோ பரவாயில்லை. மின் மோட்டாரோ துடுப்போ கழியோ இருந்தால்தான் உண்மையில் காது திறக்கும். நல்ல படகோட்டிகள் கால்வாய்க்குள் நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுப்பார்கள். "கால்வாய்க்குள் எதால் ஓட்டுவீர்கள்?" என்று அடுத்த முறை கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நான்கு வயது மகளுக்குப் பெரியவர்களின் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஆழம் குறைவு, பயமில்லை என்றார்கள். சரியா?

பதில்: சரியே இல்லை. பெரிய சட்டை தண்ணீரில் மேலே போகும், குழந்தை அதன் வழியே கீழே நழுவும். சட்டையின் உட்புறம் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். குழந்தைக்கு இரு கால்களுக்கு இடையே வரும் பட்டை வேண்டும். தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அது அவளுக்கானது அல்ல. மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதவை உதவி மட்டுமே, மயங்கியவரை முகம் மேலாகத் திருப்பாது. குழந்தைக்குக் குறைந்தது 100 கேளுங்கள். உரிய அளவு இல்லை என்றால் ஏறாதீர்கள். முன்பணம் போனால் போகட்டும்.

கேள்வி: மூச்சு வேர்கள் காலைக் குத்தும் என்கிறார்கள். இதற்கென்று விற்கும் விலை உயர்ந்த நீர்க் காலணியை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கட்டி இறுக்கக்கூடிய பழைய ஷூ போதும், வேர்கள் மேல் நடக்கவும் வேண்டாம். மரம் மூச்சு விடுவது அவற்றால்தான். கிளையையும் ஒடிக்காதீர்கள், தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும்.

கேள்வி: போனை நீர்புகா உறையில் போட்டுத்தான் எடுத்துப் போனேன். இப்போது வேலை செய்யவில்லை. போன் ஐபி68 தரம், அதாவது தூசும் தண்ணீரும் புகாத தரம். கம்பெனி உத்தரவாதம் தர மறுக்கிறது.

பதில்: வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த உறையில் எனக்கும் காசு போயிருக்கிறது. "கடலுக்கு ஏற்றது" என்று அட்டையில் அச்சிட்டு விற்றார்கள். முதல் நாளே ஓரத்தில் பிரிந்தது, விற்ற கடை கையை விரித்தது. ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புநீரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. திரவத்தால் வரும் சேதத்தை உத்தரவாதத்தில் பல கம்பெனிகள் சேர்ப்பதும் இல்லை. அதனால் போன் கம்பெனியோடு மல்லுக்கட்டுவதில் பெரிய பலன் இருக்காது. உறை விற்றவரைப் பிடியுங்கள்: அட்டையில் என்ன எழுதியிருந்தது, எங்கே கசிந்தது என்று படத்தோடு காட்டிக் கேளுங்கள். அடுத்த முறை உறையைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் உள்ளே காகிதம் வைத்து வீட்டு வாளியில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். காகிதம் நனைந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஒருவர் சொல்லும் கட்டணம் இன்னொருவர் சொல்வதில் பாதிதான். குறைவானவருக்கே முன்பணம் அனுப்பிவிட்டேன். இனி என்ன கேட்க வேண்டும்?

பதில்: அனுப்புவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதைத்தான். எரிபொருள், வனத்துக்குள் நுழையும் அனுமதிக் கட்டணம், திட்டில் காத்திருக்கும் நேரம், இவையெல்லாம் அந்தத் தொகைக்குள் வருமா? படகின் பதிவு எண் என்ன? வானிலை கெட்டு அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமும் வருமா, இல்லை தேதி மட்டும்தான் மாறுமா? இன்றே எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.