சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்குத் தோல் உறை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். ரூகர் நியூ வக்கேரோ (ஒவ்வொரு முறை சுடும் முன்பும் ஹாமரை, அதாவது பின்னுள்ள சுத்தியலை, கையால் இழுக்க வேண்டிய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்), .357 தோட்டா அளவு, 5½ அங்குல பேரல். கௌபாய் போட்டிக்கும் (பழைய மேற்கு பாணித் துப்பாக்கி சுடும் போட்டி) காட்டுப் பாதையில் நடக்கும்போதும் ஒரே தோல் உறை போதுமா? எந்த வடிவம், எந்தத் தோல்?

பதில்: போதாது. போட்டியில் கை வைத்ததும் துப்பாக்கி தடையில்லாமல் வெளியே வர வேண்டும். காட்டில் நீங்கள் குனிந்தாலும் வழுக்கி விழுந்தாலும் அது உறையைவிட்டு வரவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே உறையில் கேட்டால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும். கட்டாயம் ஒன்றுதான் என்றால், காட்டுக்கு ஏற்றதை வாங்கி ஹாமர் கண்ணியை (ஹாமரில் மாட்டித் துப்பாக்கியைப் பிடித்து வைக்கும் தோல் வளையம்) கழற்றிவிட்டுப் போட்டிக்குப் போகலாம். தலைகீழாகச் செய்ய முடியாது.

முதலில் துப்பாக்கியின் உடல் (ஃபிரேம்) அளவு. விற்பவர்கள் 'வக்கேரோவுக்குப் பொருந்தும்' என்று எழுதிவிடுவார்கள், ஆனால் வக்கேரோவில் இரண்டு உண்டு. 1993-ல் வந்த பழைய வக்கேரோவுக்கு ரூகரின் பிளாக்ஹாக் ரிவால்வருடைய பெரிய உடல். 2005-ல் வந்த நியூ வக்கேரோ ஏறக்குறைய 1873 கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வரின் அளவு. கோல்ட்டுக்கு இறுக்கமாகத் தைத்த உறையில் உங்களுடையது சரியாக உட்காரும், பழைய வக்கேரோவின் சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் உருளை) உறையின் வாயிலேயே நிற்கும். பழையதற்குத் தைத்ததில் உங்களுடையது லொடலொடக்கும். பேரல் நீளத்தையும் சொல்லித்தான் வாங்க வேண்டும். 4¾, 5½, 7½ என்பவை கோல்ட்டின் வழக்கமான நீளங்கள், ரூகரின் குட்டை பேரல் 4⅝. அடி மூடிய உறை குட்டையாக இருந்தால் துப்பாக்கி முழுசாக இறங்காது. அடி திறந்ததாக இருந்தால் பேரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு, உட்காரும் நாற்காலியையெல்லாம் கீறும்.

'6 அங்குல ரிவால்வர்களுக்கு' என்று பொதுவாக விற்கும் உறைகளைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் டபுள் ஆக்‌ஷன் (டிரிகரை இழுத்தாலே சுடும் வகை) உருவத்துக்கு வார்த்தவை. சிங்கிள் ஆக்‌ஷனில் பேரலின் வலது அடியில் எஜெக்டர் ராடின் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் கம்பி) குழாய் புடைத்து நிற்கும். அதற்கு இடம் விடாத உறையில் அந்தப் பக்கம்தான் முதலில் உரசித் தேயும்.

இப்போது வடிவம். எல்லோர் மனதிலும் இருப்பது படங்களில் பார்த்த உறை: பெல்ட்டில் ஒரு பிளவு, அதில் தொங்கும் உறை, தொடையில் கட்டும் கயிறு. இதன் பெயர் பஸ்கடேரோ. அமெரிக்காவின் பழைய மேற்கில் இது கிடையாது, 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. நின்ற இடத்தில் உருவுவதற்கு அருமை. நடந்தால் தொடையில் அடிக்கும், வண்டியில் ஏறினால் இருக்கையில் இடிக்கும். 1870-களிலிருந்து மாடு மேய்ப்பவர்கள் உண்மையில் கட்டியது மெக்சிகன் லூப். ஒரே தோலைப் பின்பக்கம் மடித்து, அந்த மடிப்பில் வெட்டிய வளையங்களுக்குள் உறையையே நுழைத்திருப்பார்கள். உலோகப் பாகம் எதுவும் இல்லை, தையலும் ஓரத்தில் ஒரே வரிசைதான். கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? என் ஓட்டு இதற்குத்தான். பெல்ட்டில் உயரமாக, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டுமானால் 1920-களில் டெக்சாஸின் எல் பாசோவில் எஸ். டி. மையர்ஸ் தோல் கடை பரப்பிய டாம் த்ரீபெர்சன்ஸ் வடிவம். தோல் குறைவு, டிரிகர் வெளியே தெரியும்.

டிரிகர் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். ஹாமர் இறங்கிய நிலையில் சிங்கிள் ஆக்‌ஷன் டிரிகரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஆபத்து ஹாமரை இழுத்த நிலையில் உறையில் செருகுவதில்தான், அதை எந்த உறையிலும் செய்யக் கூடாது. உங்கள் ரூகரில் டிரான்ஸ்ஃபர் பார் (டிரிகரை இழுத்தால் மட்டுமே ஹாமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் தகடு) இருப்பதால் ஆறு அறையும் நிரப்பி நடக்கலாம். ஹாமரிலேயே ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) உள்ள கோல்ட் வகையில் ஐந்துதான்: ஹாமர் காலி அறைமேல் இருக்க வேண்டும். கௌபாய் போட்டியில் எந்த ரிவால்வரானாலும் ஐந்துதான்.

போட்டி என்றதும் இன்னொன்று. சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி விதிப்படி ஆடுவதானால் இரண்டு ரிவால்வர் வேண்டும், ஆகவே இரண்டு உறை. செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த உறை செல்லாது. இடது இடுப்பில் பிடி முன்னோக்கி இருக்கும் கிராஸ் டிரா வைத்தால், உருவும்போது குழல் வாய் 170 டிகிரிக் கோட்டை (இலக்குத் திசைக்கு இருபுறமும் 85 டிகிரி) தாண்டாதபடி உடம்பைத் திருப்பப் பழக வேண்டும். புதியவர்கள் வெளியேற்றப்படுவது இங்கேயும் உண்டு. அதே கிராஸ் டிரா, வண்டி ஓட்டுபவர்களுக்கும் குதிரையில் போகிறவர்களுக்கும் எல்லாவற்றையும்விட வசதி. உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும்.

தோல் பட்டையில் பதனிட்டதாக இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டைத் தோலையும் குரோம் தோலையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் துணி மாதிரி மடியும், வார்த்த உருவத்தைப் பிடித்து வைக்காது, அதிலுள்ள உப்பு எஃகைத் துருவேற்றும். கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு அவுன்ஸ் என்பது 1/64 அங்குலம், சுமார் 0.4 மில்லிமீட்டர். ஒற்றைத் தோல் உறைக்கு 8 முதல் 9 அவுன்ஸ், அதாவது 3.2 முதல் 3.6 மி.மீ. உள்தோல் வைத்ததென்றால் வெளியே 6-7, உள்ளே 3-4. உள்பக்கம் ஸ்வேட் வேண்டாம். மெத்தென்று இருக்கும், ஆனால் மணலையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். கறுப்புச் சாயம் பூசியது என்றால் ஓரத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் ஒட்டினால் உங்கள் பேண்ட்டிலும் ஒட்டும்.

உறையைக் கையில் எடுத்ததும் தையல் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்கிறதா? செருப்புத் தொழிலில் இதற்கும் வெல்ட் என்றுதான் பெயர். இது இல்லாவிட்டால் முன் சைட்டின் (பேரல் நுனியில் குறி பார்க்க உள்ள முனை) கூர் ஒவ்வொரு முறையும் நூலின்மேல் விழும், ஒருநாள் நூல் அறுந்து தையல் வாய் பிளக்கும். நூல் மெழுகு ஏற்றியதாக, அங்குலத்துக்கு 6 முதல் 8 தையலாக இருக்கட்டும். அதற்குமேல் நெருக்கினால் துளைகள் சேர்ந்து தோலே கிழியும். பித்தளைப் பொத்தான் அல்லது திருகு இருந்தால் விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். உலோகம் தட்டுப்பட்டால் அது சிலிண்டரில் கோடு போடும்.

பிறகு, காலித் துப்பாக்கியை, காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, உறையில் வைத்து மூன்று சோதனை. ஒன்று: முழுசாக இறங்கியிருக்கும்போதே நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் பிடியைச் சுற்றி வர வேண்டும். விரல் முட்டி பெல்ட்டில் இடித்தால் உறை மிக உயரம். இரண்டு: உருவியபின் உறையைப் பார்க்காமல் ஒரு கையால் திரும்பச் செருக முடிய வேண்டும், வாய் சப்பிக்கொண்டால் தோல் மெலிசு. மூன்று: மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து, கண்ணியைக் கழற்றிவிட்டு லேசாக ஆட்டுங்கள். காட்டு உறையில் துப்பாக்கி நழுவக் கூடாது. போட்டி உறையில் நழுவினால் பரவாயில்லை.

ஹாமர் கண்ணி என்பது ஹாமரின் கொம்பில் மாட்டும் சிறு தோல் வளையம். கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் கழலும். நாளானால் நெகிழும். மாட்டியபின் துப்பாக்கி அரை அங்குலம் மேலே ஏறினால் புதிய வார் போட்டுவிடுங்கள், சாதாரணச் செருப்பு வார் கூடப் போதும்.

பெல்ட்டில்தான் பலர் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். தோட்டாவோடு ரிவால்வர் ஒரு கிலோவைத் தாண்டும், மெலிந்த பேண்ட் பெல்ட் அதைத் தாங்காமல் வெளிப்பக்கம் சாயும். உறையில் பெல்ட் நுழையும் வழி 2¼ அங்குலம், பெல்ட் 1½ அங்குலம் என்றால், இறுக்கமான துப்பாக்கியை உருவும்போது உறையும் சேர்ந்து மேலே வரும். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். பேண்ட் சைஸைச் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். பெல்ட் எங்கே உட்காருமோ அங்கே, உடைகளுக்கு மேலே டேப் வைத்து அளந்து, அந்த அளவு நடு ஓட்டையில் விழும்படி கேளுங்கள்.

புது உறை இறுக்கமாக இருப்பது நல்லதே. துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே தள்ளி ஓர் இரவு விட்டால் இளகும். எண்ணெயில் ஊறவைத்து இளக்கினால் வார்ப்பே போய்விடும். மழையில் நனைந்தால் நிழலில், தானாகக் காயட்டும். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் சுருங்கி வெடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறையைவிட்டு எடுத்துவிடுங்கள், தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எஃகின்மேல் வைத்துக்கொண்டிருக்கும். பெல்ட் வளையத்தில் விட்ட தோட்டாக்களும் அப்படித்தான். பித்தளை, பல மாதம் புளி காணாத குத்துவிளக்கு மாதிரி பச்சைக் களிம்பு ஏறி, சிலிண்டர் அறைக்குள் போகாமல் முரண்டு பிடிக்கும். எப்போதும் பெல்ட்டிலேயே வைக்க வேண்டுமானால் நிக்கல் பூசிய தோட்டா வாங்குங்கள்.