வால்வை மூடும்போது 'டொம்' என்று சத்தம், பிறகு எல்போ கழறுது: என்ன செய்வது?

கேள்வி: மட்டக்களப்புக் களுதாவளையில் ஒன்றரை ஏக்கர் மிளகாய். கிணற்றடி மோட்டரில் இருந்து 200 மீட்டருக்கு இரண்டு அங்குல பிவிசி பைப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் பாய்ச்சி முடிந்ததும், போல் வால்வை (ball valve) மூடினால் 'டொம்' என்று அடிக்கிறது. இந்தப் போகத்தில் மூன்று தரம் எல்போ (பைப் திரும்பும் இடத்து வளைவு மூட்டு) கழன்றுவிட்டது. பைப் தரமில்லையா, ஐயா?

பதில்: தம்பி, பைப்பைக் குறை சொல்ல அவசரப்படாதீங்க. 200 மீட்டர் பைப்புக்குள் ஏறத்தாழ 390 லீட்டர் தண்ணீர் நிற்கிறது. அதாவது 390 கிலோ பாரம், செக்கனுக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறது. போல் வால்வின் பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒரு நொடியில் வழி அடைபட்டுவிடும். ஓடி வந்த பாரம் அங்கே முட்டி, அந்த அடி அலையாகப் பின்னுக்குப் போய்த் திரும்பி வரும். நீங்கள் கேட்ட 'டொம்' அதுதான்.

பிவிசிக்குள் இந்த அலை செக்கனுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் ஓடும். உங்கள் லைனில் போய்த் திரும்ப ஒரு செக்கன். அதற்குள் மூடினால் 60 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம், அதாவது 6 பார், மோட்டரின் அழுத்தத்துக்கு மேலே கூடிவிடும். மோட்டர் 2 பார் கொடுத்தாலே, இரண்டும் சேர்ந்து 8 பார் எல்போவை இருநூறு கிலோவுக்கு மேல் தள்ளும். நம்முடைய கரையோர மணல் பைப்பை இறுக்கிப் பிடிக்காது. ஒவ்வொரு அடிக்கும் எல்போ கொஞ்சம் அசைந்து அசைந்து ஒட்டு விட்டுப்போகும்.

கழன்ற எல்போவை ஒருக்கா கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே பசை பாதிதான் பிடித்திருந்தால் ஒட்டினதிலும் பிழை இருக்கிறது. முழுக்கப் பிடித்தும் கழன்றிருந்தால் இந்த அடிதான் காரணம்.

இனி மோட்டர் ஓடும்போது எல்லா வழியையும் ஒன்றாக அடைக்கவே வேண்டாம். அடுத்த பக்கத்து வால்வை முதலில் திறந்துவிட்டு, பிறகு இதை மூடுங்கள். இது ஒன்றே பாதி வருத்தத்தைத் தீர்க்கும். மூடும்போது பத்துப் பதினைந்து செக்கன் எடுங்கள். ஒன்று கவனம்: முக்கால்வாசி மூடும்வரை தண்ணீரின் வேகம் பெரிதாகக் குறையாது. கடைசிக் கால்வாசியில்தான் சட்டென்று விழும். அந்த இடத்தில்தான் கை மெதுவாக வேண்டும். பலபேர் முதலில் மெதுவாகத் தொடங்கி, முடிவில் இழுத்து அடைத்துவிடுகிறார்கள். முடிந்தால் போல் வால்வை மாற்றி, சுற்றி மூடும் கேட் வால்வ் போடுங்கள். அது அவசரக்காரர் கையையும் தாமதப்படுத்தும்.

எல்போவின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் தள்ளும் திசையில், ஒரு சிறு கொங்கிறீட் கட்டை வார்த்து வையுங்கள். வெறும் மணலை மூடி மிதித்தால் போதாது.

காலையில் மோட்டர் போடும்போதும் லைனில் காற்று நிற்கும். கடைசி வால்வைத் திறந்து வைத்து மெதுவாக நிரப்புங்கள். இம்முறை எல்போவைத் துடைத்து, நன்றாகப் பசை பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே தண்ணீர் விடுங்கள், தம்பி. மிளகாய்க்கு ஒரு நாள் பிந்தினால், வாடும் கன்றுகளுக்கு மட்டும் குடத்தால் ஊற்றிச் சமாளிக்கலாம்.