தாஜ்மகால்: அம்மாவுக்கு 50 ரூபாய் டிக்கெட் போதும்

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஆக்ரா போகிறோம். அம்மாவுக்கு 70 வயது, மூட்டு வலி. கனடாவிலிருந்து அக்கா, அத்தான், அவர்களுடைய 12 வயது மகனும் வருகிறார்கள். எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரே தொகை கேட்கிறார் டிராவல்ஸ்காரர். கொடுக்கலாமா? அம்மாவால் நடக்க முடியுமா?
வாசகி, மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டணம் இல்லை. ஒரே தொகை என்றால் யாரோ ஒருவருடைய பணம் வீணாகப் போகிறது என்று அர்த்தம்.

இந்தியருக்கு நுழைவு 50 ரூபாய். கல்லறை இருக்கும் பளிங்கு மேடைக்கு ஏற இன்னும் 200. அம்மாவுக்கு அந்த 200 வேண்டாம். மேடைக்குப் படி ஏற வேண்டும், மேலேயும் கூட்டம். உண்மையான கல்லறைகள் கீழ் அறையில் பூட்டியே இருக்கின்றன. மேலே தெரிபவை அடையாளக் கல்லறைகள்தான். தோட்டத்தின் நடுவில் உயர்ந்த பளிங்குத் தொட்டி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கட்டும். தாஜை முழுசாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

நடை விஷயம். சுற்றிலும் 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி விடமாட்டார்கள். கிழக்கு வாசலுக்கு ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டியில் போங்கள். நுழைவிடத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இப்போது அக்கா. அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் இந்தியர் கட்டணம்தான். 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. அசல் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அத்தானிடம் அட்டை இல்லாமல் கனடா பாஸ்போர்ட்டும் சுற்றுலா விசாவும் மட்டும் இருந்தால், அவர் மதுரையிலேயே பிறந்திருந்தாலும் 1,100 ரூபாய். மேடைக்கு 200 தனி. பையனுக்கு 15 வயது ஆகவில்லை, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்றாலும் இலவசம். வயதுக்குச் சான்று காட்டினால் போதும். ஒரே வீட்டு ஆட்களை இப்படி மூன்றாகப் பிரிக்கும் கட்டண முறை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். தொல்லியல் துறையின் இணையதளத்தில் நீங்களே டிக்கெட் எடுங்கள்.

அப்புறம், வாசலைச் சுற்றி நிற்பவர்கள். இந்தத் தரகர்களுக்கு ஆக்ராவில் 'லப்கா' என்று பெயர். "கவுண்டர் மூடிவிட்டது", "இந்த வாசல் இன்று கிடையாது" என்பார்கள். நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மலிவாகக் கூப்பிடும் வண்டி கடைசியில் பளிங்குக் கடையில்தான் போய் நிற்கும். அங்கே "தாஜைக் கட்டியவர்களின் வம்சம் நாங்கள்" என்று சொல்லி, தட்டுக்கு அடியில் விளக்கைப் பிடித்து ஒளிர்வதைக் காட்டுவார்கள். அலபாஸ்டர் என்ற மென்மையான கல்லும் அப்படித்தான் ஒளிரும். நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கோடு விழுந்தால் அது மார்பிள் இல்லை. கீறவிடவில்லையா, பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான். வயதானவர்களுக்கு இது போதாது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. டிசம்பர் விடியற்காலையில் மூடுபனி தாஜையே மறைத்துவிடும். "சூரிய உதயம் பார்க்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினாலும் அம்மாவைக் குளிரில் கிளப்பாதீர்கள். பத்து மணிக்கு மேல் உள்ளே போங்கள்.